முடியும் என்றும் முடியாது என்றும்

ஆலையை மூடப்போகிறார்கள் என்று தெரிந்த அன்று என் கணவன் வெண்டல் வீட்டுக்கு வந்ததும் பூட்ஸைக் கழற்றப் பார்த்தான். குனிய முடியவில்லை. வழக்கம்போல நான் தரையில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தேன். தலைக்கு மேலே அவன் குரல் கேட்டது.

"மூடுறாங்க, ஐவா. நவம்பரோட கதை முடிஞ்சுது."

"யாரு சொன்னா?"

"தலைமை ஆபீஸ்லேருந்து ஒருத்தன் டை கட்டிக்கிட்டு வந்தான். வரும்போதே டோனட் பெட்டியோட வந்தான். டோனட்டப் பாத்ததுமே எங்களுக்குப் புரிஞ்சுபோச்சு."

ஒஹாயோ ஆற்றங்கரையில் எங்கள் ஊரில் அந்தக் கதவு ஆலைதான் எல்லாமும். பாதி வீடுகளில் யாராவது ஒருவர் அங்கே வேலை பார்த்தார்கள். வெண்டல் பள்ளிக்கூடத்தை முடித்த கோடையில் உள்ளே போனவன், தலை நரைக்கும்வரை வெளியே வரவில்லை. அச்சிலிருந்து சூடாக வரும் மரக்கதவை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து, மேஜைமேல் புரட்டிப்போட்டு, அடுக்கில் ஏற்ற வேண்டும். அதுதான் அவன் வேலை. வாழ்நாள் முழுவதும் கதவு தூக்கியதில் முதுகெலும்பு தேய்ந்து, நரம்பு நசுங்கி, இடதுகால் மரத்துப்போக ஆரம்பித்தது. அறுவைச் சிகிச்சை செய்தாலும் உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். மாத்திரையை விழுங்கிவிட்டு மறுநாளும் வேலைக்குப் போனான்.

கடைசிச் சில வருடங்களில் அவனுக்கு ஆலையில் ஒரு மரியாதை கிடைத்தது. புரட்டும் மேஜையிலிருந்து நகர்த்தி, வரிசையின் கோடியில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார்கள். கதவின் விளிம்பு ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்துச் சொல்ல வேண்டும். எதிர்முனையில் அவனோடு கதவு பிடித்த ரோவீனா டாக்கெட்தான் அந்தச் செய்தியைக் கொண்டு வந்தாள்: "ஃபோர்மன் சொல்லிட்டாரு வெண்டல், இனிமே நீ ராஜா மாதிரி உக்காந்துக்க." இதை அவன் என்னிடம் சொன்னபோது முகத்தில் அப்படியொரு பெருமை. "சும்மா கிடைக்கல, ஐவா. இத்தனை வருஷ அனுபவத்துக்குக் கிடைச்ச இடம்."

ஆலை மூடியதும் எல்லோரையும் போல அவனும் வேலையில்லாதவர்களுக்கு மாநிலம் கொடுக்கும் உதவித்தொகைக்குப் பதிந்தான். ஞாயிறுதோறும் போன் போட வேண்டும். ஒரு பெண்ணின் பதிவுசெய்த குரல் கேள்வி கேட்கும். இந்த வாரம் வேலை செய்ய உடல்நிலை இடம் கொடுத்ததா? வேலை கிடைத்தால் போகத் தயாரா? ஆம் என்றால் ஒன்றை அழுத்தவும். வெண்டல் சர்ச்சுக்குக் கிளம்பும் முன் சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் நின்று ஒன்றை அழுத்துவான். அவன் மனதறிந்து பொய் சொல்லவில்லை. அவனால் முடியும் என்றுதான் நம்பினான். ஆலையில் விளக்கணைத்த நாள்வரை தன் வேலையைத் தானே பார்த்தவன் அல்லவா.

வேலை தேடவும் செய்தான். பெட்ரோல் பங்க், பள்ளிக்கூடம், ஆற்றுப்பாலத்துக்குச் சாயம் அடிக்கும் கம்பெனி என்று ஏறி இறங்கினான். கடைசியில் கால்நடைத் தீவனக் கடை வைத்திருக்கும் லைல், பழைய பழக்கத்துக்காக வரச் சொன்னான். காலையில் போனவனை மதியத்துக்குள் லைலே தன் வண்டியில் கொண்டுவந்து இறக்கினான். மூட்டைகளுக்கு நடுவே விழுந்துகிடந்தானாம். கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லையாம்.

லைல் தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு வாசலில் நின்றான். "நான் போகச் சொல்லல, ஐவா. சத்தியமா. அவனால நிக்க முடியல."

அவன் போனதும், சோபாவில் குப்புறப் படுத்திருந்த வெண்டல் குஷனுக்குள்ளிருந்து பேசினான். "தீவன மூட்டை வேற, கதவு வேற. கதவுன்னா என் கை அறியும்."

"கை அறியும். கால் அறியுதா?"

"நாளைக்கே ஆலையத் தொறக்கட்டும். நான் போறேனா இல்லையா பாரு."

"போதும் வெண்டல். டிஸபிலிட்டிக்கு எழுதிப் போடுவோம்."

எழுந்து உட்கார முடிந்திருந்தால் எழுந்திருப்பான். "அது நடக்க முடியாதவன் வாங்குற காசு. எனக்கு எதுக்கு?"

"அப்படியா? அந்த பூட்ஸ நீயே கழட்டு பாப்போம்."

மறுவாரம் கையெழுத்துப் போட்டான், எனக்காகத்தான். என் தொந்தரவு தாங்காமல் என்றும் சொல்லலாம்.

எடுத்த எடுப்பில் முடியாது என்று பதில் வந்தது. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் முதலில் அப்படித்தான் வரும். மருந்துக்கடை மாடியில் அலுவலகம் வைத்திருந்த லீ ஆன் ஓஸ்பர்ன் என்ற வக்கீல் அம்மாள் மேல்முறையீடு செய்தார். நீதிபதி முன்னால் போய் நிற்க ஒரு வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. நாட்டில் எங்கும் வேலையில்லாத காலம் அது. மாநில உதவியைத் திரும்பத் திரும்ப நீட்டித்துக்கொண்டே போனார்கள். வெண்டலும் ஞாயிறுதோறும் ஒன்றை அழுத்திக்கொண்டே இருந்தான்.

வக்கீல் அம்மாளிடம் வெண்டல் அதைச் சொன்னபோது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ரெண்டையும் கேக்கக் கூடாதுன்னு சட்டம் இல்ல, மிஸ்டர் சைஸ்மோர். ஆனா ஒரு இடத்துல முடியும்னு சொல்றீங்க, இன்னொரு இடத்துல முடியாதுங்கிறீங்க. நீதிபதிக்குக் கண்ணுல விழுந்த தூசி மாதிரி உறுத்தும்."

"அப்ப மாநிலத்துக் காச நிறுத்திடவா?"

"நிறுத்தினா எதை வச்சுச் சாப்பிடுவீங்க?"

நான் பள்ளி உணவுக்கூடத்தில் பாதி நாள் வேலை பார்த்தேன். அதில் வீட்டுக் கடனைக்கூடக் கட்ட முடியாது.

ஊரில் இதெல்லாம் ஒளிந்திருக்காது. ஒரு ஞாயிறு மதியம் வெண்டலின் அண்ணன் ஹர்ஷல் சாப்பிட வந்தான். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன். வாய் மட்டும் ஓய்வு பெறவில்லை. சோள ரொட்டியைப் பிட்டு பீன்ஸில் தோய்த்தபடியே ஆரம்பித்தான்.

"என்ன தம்பி, கேள்விப்பட்டேன். முடியும்னு சொல்லி ஒரு கையில வாங்குற, முடியாதுன்னு சொல்லி இன்னொரு கையில வாங்கப்போறியாம். ஒரே மாட்ட ரெண்டு பக்கம் உக்காந்து கறக்குற வித்தைய எங்க கத்துக்கிட்ட?"

"ஹர்ஷல், சாப்பிடு" என்றேன்.

"சாப்பிடத்தான் செய்றேன். இது யார் காசுல வந்த பீன்ஸுன்னு தெரிஞ்சுக்க வேணாமா?"

வெண்டல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். இதே பேச்சை, இதே மேஜையில், மற்றவர்களைப் பற்றி அவனும் பேசியிருக்கிறான். பக்கத்துத் தெருவில் முட்டி போய்விட்டது என்று உதவித்தொகை வாங்கியவன் கூரைமேல் ஏறி ஓடு மாற்றுவதைப் பார்த்துவிட்டு வந்து, "முட்டி இல்லாதவன் மாடி ஏறுறான் பாரு" என்று சிரிக்கச் சிரிக்கச் சொன்னவன். இப்போது தன் பேச்சுக்குத் தானே ஹர்ஷல் சிரித்தபோது வெண்டலின் கழுத்து சிவந்தது. அவ்வளவுதான்.

விசாரணைக்கு நாள் குறித்ததும், கூட வேலை பார்த்த யாராவது ஒருவர் சாட்சி சொன்னால் நல்லது என்றார் வக்கீல் அம்மாள். எனக்கு ரோவீனாவைத் தவிர யாரும் தோன்றவில்லை. ஆலைக்குப் பிறகு அவள் முதியோர் இல்லச் சமையலறையில் சேர்ந்திருந்தாள். பின்வாசலில் போய்ப் பார்த்தேன். தலையில் வலைத்தொப்பியோடு வந்து நின்றாள். வெண்டலைவிடப் பத்து வயது சின்னவள், குரல் மட்டும் ஆலைச் சங்கு மாதிரி. அன்று அந்தக் குரலே எழும்பவில்லை.

"வந்து என்ன சொல்லணும், ஐவா?"

"நெஜத்தச் சொன்னாப் போதும். அவன் வலியோட வேலை பாத்தான்னு சொல்லு."

"அவனும் அங்க இருப்பானா?"

"அவன் கேஸு, அவன் இல்லாமலா?"

சிகரெட்டைப் பற்றவைத்தாள். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு ஏறக்குறைய முழுசாக இருந்த அதை நசுக்கிப் போட்டாள். "வர்றேன் கண்ணு. அந்த வக்கீலம்மா நம்பரக் குடு, மொதல்ல அவங்ககிட்டப் பேசிக்கிறேன்." கோர்ட் என்றால் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

விசாரணை ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பெரிய ஊரில். கோர்ட் என்று சொல்ல முடியாது. தரைவிரிப்பு போட்ட சின்ன அறை, ஒரு கொடி, ஒரு நீள மேஜை. நீதிபதி மெலிந்த உடம்புக்காரர், ஜலதோஷம் பிடித்திருந்தது. பேச்சைப் பதிவுசெய்ய ஒரு பெண். எந்த வேலைக்கு எவ்வளவு உடல்பலம் தேவை என்று சொல்ல ஒரு நிபுணர், அவர் போனில் மட்டும். ரோவீனாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். வெண்டல் சம்மதித்ததால் என்னை உள்ளே விட்டார்கள்.

நீதிபதி டாக்டரின் குறிப்புகளைப் புரட்டினார். வலி எங்கே, எவ்வளவு நேரம் நிற்க முடியும், இரவில் தூக்கம் வருகிறதா என்று கேட்டார். வெண்டல் எல்லாவற்றுக்கும் குறைத்துக் குறைத்தே பதில் சொன்னான். பிறகு அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"மிஸ்டர் சைஸ்மோர், ஆலை மூடின நாள்லேருந்து உங்களால எந்த வேலையும் செய்ய முடியலன்னு என்கிட்ட சொல்றீங்க. அதே நாள்லேருந்து ஒவ்வொரு வாரமும் வேலை செய்ய முடியும்னு மாநிலத்துக்கிட்ட சொல்லிக் காசு வாங்கியிருக்கீங்க. நான் எதை நம்பறது?"

"ரெண்டுமே நெஜந்தான், ஐயா."

"ரெண்டும் எப்படி நெஜமா இருக்கும்?"

"வெளியில என்னால முடியாது, ஐயா. தீவனக் கடையில அரை நாள்ல விழுந்துட்டேன். ஆனா எங்க ஆலையில என் வேலைய நான் பாத்தேன். கடைசி நாள் வரைக்கும். நாளைக்குத் தொறந்தாலும் போய்ப் பாப்பேன். அதனாலதான் முடியும்னு சொன்னேன்."

வக்கீல் அம்மாளின் பேனா நின்றுவிட்டது. நீதிபதி போனில் இருந்தவரிடம் கேட்டார். உட்கார்ந்தபடி விளிம்பு பார்ப்பது இலேசான வேலை என்றது போன். அப்படிப்பட்ட வேலை மற்ற ஆலைகளிலும் உண்டு, இவர் கடைசி வருடங்களில் அதைத்தான் செய்திருக்கிறார், செய்ய முடியும் என்று அவரே சொல்கிறார் என்றது. எனக்குச் சட்டம் தெரியாது. ஆனால் கதவு சாத்தப்படும் சத்தம் எப்படி இருக்கும் என்று தெரியும்.

"என் சாட்சிய அழைக்கலாமா?" என்றார் வக்கீல் அம்மாள்.

ரோவீனா சர்ச்சுக்குப் போடும் நீலச்சட்டையில் வந்தாள். சத்தியம் செய்துவிட்டு உட்கார்ந்தாள். வெண்டல் அவளைப் பார்த்துச் சிரித்தான். அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"மிஸ்டர் சைஸ்மோர் அந்த ஸ்டூல்ல உக்காந்து பாத்த வேலை என்னன்னு சொல்லுங்க" என்றார் வக்கீல் அம்மாள்.

"அது வேலை இல்லங்க, அம்மா."

"புரியும்படி சொல்லுங்க."

"அப்படி ஒரு வேலை ஆலையில கிடையாது. விளிம்பப் பாக்குறதுக்கு மெஷின் இருக்கு. அவன் சரின்னு அனுப்பினதையும் தள்ளினதையும் மெஷின் மறுபடி பாக்கும். அந்த ஸ்டூல் எங்க அம்மா வீட்டு சமையக்கட்டுல கிடந்தது. நாந்தான் வண்டியில போட்டுக் கொண்டாந்தேன்."

அவள் தன் கைகளைப் பார்த்தபடியே சொல்லிக்கொண்டு போனாள்.

"அதுக்கு முன்னாடி ஒரு வருஷம், மேஜையில நிக்கும்போதே, கதவோட பாரம் என் பக்கந்தான் இருக்கும். அவன் முனையில கை மட்டும் இருக்கும். ஒருநாள் கதவோட சேந்து கீழ விழப்பாத்தான். அப்புறந்தான் நாங்க எல்லாரும் பேசிக்கிட்டோம். தேக்கு, ஓக் மாதிரி கனமான கதவு வரும்போது பசை இருக்கான்னு பாத்துட்டு வா, லாரி வந்துடுச்சான்னு பாத்துட்டு வான்னு எங்கயாவது அனுப்பிடுவோம். அவன் பங்கையும் சேத்து அடுக்கிடுவோம். அதுவும் முடியலன்னதும் ஸ்டூலப் போட்டோம். ஆலை மூடுறதுக்கு முந்தின மூணு வருஷம் அவன் ஒரு கதவு தூக்கல, ஐயா."

நீதிபதி பேனாவை வைத்தார். "உங்க ஃபோர்மனுக்குத் தெரியாதா?"

"அவருக்கும் கண்ணு இருக்கு. எங்க பக்கம் வந்தா கடிகாரத்தப் பாத்துக்கிட்டே போயிடுவாரு."

"மிஸ்டர் சைஸ்மோருக்கு?"

அப்போதுதான் அவள் வெண்டலைப் பார்த்தாள். "தெரியாது, ஐயா. தெரிஞ்சா ஒரு நிமிஷம் இருந்திருக்க மாட்டான்."

நான் வெண்டலைப் பார்க்கப் பயந்தேன். பிறகு பார்த்தேன். நாற்காலியின் கையை இறுகப் பிடித்திருந்தான். உடைகளைப் பிடுங்கிக்கொண்டு நடுத்தெருவில் விட்டுவிட்டது போன்ற முகம். நீதிபதி எதுவும் கேட்பதற்கு முன்பே, "ரோவீனா சொல்றதுதான் நெஜமா இருக்கும், ஐயா. அவ பொய் சொல்ல மாட்டா" என்றான்.

நீதிபதி மெதுவாகச் சொன்னார்: "நீங்க மாநிலத்துக்கிட்டயும் பொய் சொல்லல, மிஸ்டர் சைஸ்மோர். தெரிஞ்சத சொல்லியிருக்கீங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பின்சீட்டில் படுத்துக் கண்ணை மூடியிருந்தான். பாலம் தாண்டும்போது, தூங்கிவிட்டான் என்று நினைத்தேன்.

"எங்க மேஜையில நின்ன டெல்பர்ட்டுக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும்" என்றான்.

"அவங்க உன்ன..."

"பேசாத, ஐவா."

சில வாரங்களில் கடிதம் வந்தது. ஜெயித்துவிட்டோம். ஆலை மூடிய நாளிலிருந்தே கணக்கிட்டுக் கொடுப்பதாக எழுதியிருந்தது. வீடு நிலைத்தது. நான் சமையலறையில் ஏப்ரனில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். வெண்டல் கடிதத்தை ஒருமுறை படித்து மடித்து வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போனான். அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் போனைத் தொடவேண்டிய அவசியம் இருக்கவில்லை. சர்ச்சுக்குப் போவதையும் நிறுத்தினான். ஆலைக்காரர்கள் காலைச் சாப்பாட்டுக்குக் கூடும் கடைக்குப் போவதை நிறுத்தினான். ரோவீனா இரண்டு தடவை போன் செய்தாள். இரண்டு தடவையும் அவன் இல்லை என்று சொல்லச் சொன்னான், என் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு.

வசந்தம் வந்தது. ஹர்ஷல் ஒருநாள் மீன் கொண்டுவந்தான். நல்ல எண்ணத்தோடுதான் வந்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அவன் நாக்கு அவன் சொல்லைக் கேட்காது.

"ஆக, கவர்மென்ட்ட ரெண்டு பக்கமும் ஏமாத்திட்ட. கெட்டிக்காரன்தான் நீ!"

வெண்டல் மீன் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தவன் நிறுத்தினான்.

"கவர்மென்ட்ட நான் ஏமாத்தல. நீ கேக்குறதுன்னா நான் சொல்றேன். மூணு வருஷம் நான் வாங்கின சம்பளம், ரோவீனாவும் டெல்பர்ட்டும் மத்தவங்களும் தூக்கின கதவுக்கு வந்த சம்பளம். நான் சமையக்கட்டு ஸ்டூல்ல உக்காந்து கதவத் தடவிக்கிட்டு இருந்தேன். பெரிய வேலை பாக்குறோம்னு நெனச்சுக்கிட்டு. உனக்குச் சிரிப்பு வருதுன்னா அதுக்குச் சிரி."

ஹர்ஷலுக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசியில், "எனக்காக யாரும் அப்படிச் செஞ்சிருக்க மாட்டாங்கடா" என்றான். அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் வெண்டலே சொன்னான், முதியோர் இல்லத்துக்கு வண்டியை ஓட்டு என்று.

பின்வாசலில் ரோவீனா சிகரெட்டோடு நின்றிருந்தாள். எங்களைக் கண்டதும் சங்குக் குரல் பழையபடி எழுந்தது. "அடேங்கப்பா, தொரை வந்துட்டாரு! மூஞ்சி ஏன் முழங்கால் வரைக்கும் தொங்குது?"

வெண்டல் கைத்தடியை ஊன்றி அவள் எதிரே போய் நின்றான். "நீ என்கிட்ட சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா?"

"அன்னைக்கே வேலைய விட்டுப் போயிருப்பேன்."

"தெரியும். அதான் சொல்லல."

"பிச்சை போட்டீங்களாடி எனக்கு?"

"பிச்சையா?" சிகரெட்டை வீசி எறிந்தாள். "யோவ், நீ இல்லாத ஷிஃப்ட் எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா? உனக்குத் தெரியாது, நீதான் லீவே போட்டதில்லையே. சாப்பாட்டு நேரத்துல ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான். என் புருஷன் விட்டுட்டுப் போன வருஷம் நான் என்னத்துக்கு அந்த ஆலைக்கு வந்தேன்னு நெனைக்கிற? கதவுமேல ஆசைப்பட்டா? நீ சொல்ற கேடுகெட்ட கதையக் கேட்டுச் சிரிக்கிறதுக்கு வந்தேன். எங்களுக்கு நீ வேணும், வச்சிக்கிட்டோம். இதுல உன் சம்மதத்த எதுக்குக் கேக்கணும்?"

வெண்டல் எங்கள் வண்டியின் பக்கவாட்டில் சாய்ந்து நின்று அழுதான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. ரோவீனா பக்கத்தில் போய் நின்றாள், தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் யார் எங்கே வேலை பார்க்கிறார்கள், யார் செத்துப்போனார்கள் என்று பேச ஆரம்பித்தார்கள். உள்ளே யாரோ மணி அடித்ததும் அவள் கதவைத் திறந்துகொண்டு போனாள்.

வண்டியைக் கிளப்பினேன். வெண்டல் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எடது கையால தொறந்தா" என்றான்.

"அதுக்கென்ன?"

"அவ வலது கைக்காரி. அவளோட அத்தனை வருஷம் நின்னவன் நான். சிகரெட்டும் எடது கையில. வலது கை தோளுக்கு மேல ஏறல, கவனிச்சியா?"

நான் கவனிக்கவில்லை. ஒரு கதவின் முழுப் பாரமும் ஒரு தோளில் இறங்கினால் என்னவாகும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மறுநாள் காலையில் அவனே வக்கீல் அம்மாளுக்குப் போன் செய்தான். ரோவீனாவின் தோளுக்காக மூடிப்போன ஆலையிடம் இனி எதுவும் கேட்க வழியில்லை என்று அவர் சொன்னார். வெண்டல் விடவில்லை. ரோவீனாவை டாக்டரிடம் போகச் சொல்லி நச்சரித்தான். "எனக்கு வேலை இருக்கு, உன்ன மாதிரி சும்மாவா உக்காந்திருக்கேன்?" என்று அவள் திட்டினாள். அவன் மறுபடி போன் செய்தான். அவள் திட்டுவதற்கு அலுத்துப்போய் ஒருநாள் சரி என்றாள். தோளில் தசைநார் கிழிந்து வெகுநாளாகிவிட்டது என்றார் டாக்டர். கோடையின் முடிவில் அறுவைச் சிகிச்சை நடந்தது. விடுப்பில் இருந்த நாட்களுக்கு வெண்டலின் உதவித்தொகையிலிருந்து நாங்கள் கொடுத்ததை அவள் முதலில் வாங்க மறுத்தாள். "மூணு வருஷச் சம்பளத்துல கழிச்சுக்க" என்று அவன் சொன்னதும் வாங்கிக்கொண்டாள்.

கட்டு அவிழ்க்கும்வரை தினமும் அவள் வீட்டில் அவனை இறக்கிவிட்டுத்தான் நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மதியம் கூட்டிவரப் போனால் இருவரும் சூப்பை யார் அடுப்பிலிருந்து இறக்குவது என்று சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். அவனால் குனிய முடியாது, அவளால் தூக்க முடியாது.

"நம்ம ரெண்டு பேரையும் பசை போட்டு ஒட்டினாத்தான் ஒரு முழு ஆள் தேறும்" என்பாள் ரோவீனா.

"ஒட்டினாலும் மெஷின் தள்ளிடும்" என்பான் வெண்டல்.

சூப்பை நான்தான் இறக்கிவைப்பேன்.